தினசரி ஓட்டத்தில் பேடில் ஷிஃப்டர்: இன்ஜின் பிரேக்கிங் கியர்பாக்ஸைக் கெடுக்குமா, பிரேக்கை மிச்சப்படுத்துமா?

ஆறு மாதம் முன்பு 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறீர்கள். ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது). கியரைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பேடில்களையும் இதுவரை தொட்டதில்லை. சிக்னல் வரும்போதெல்லாம் இடது பேடிலைத் தட்டி கியரைக் குறைத்துக்கொண்டே வந்தால் பிரேக்கும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். சர்வீஸில் விசாரித்தால், அப்படி ஓட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிற திட்டம் வேறு இருக்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்ஜினை வைத்து வண்டியைப் பிடிப்பது இயந்திரத்துக்குக் கெடுதலா என்பது ஒன்று. நல்ல பிரேக் காலடியில் இருக்கும்போது அதை எப்போது செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், கெடுதல் இல்லை. இரண்டாவது கேள்வியில்தான் நண்பரும் சர்வீஸ்காரரும் ஆளுக்கொரு பக்கம் பாதி சரியாக இருக்கிறார்கள்.

நான் கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவன். நீலகிரியும் வால்பாறையும் பக்கத்திலேயே இருப்பதால், மலை இறங்கி வந்த வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். லீவு நாட்கள் முடிந்த வாரத்தில் வருகிற கார்களின் சக்கரத்தைக் கழற்றினால், முன் டிஸ்க் நீலம் பாரித்திருக்கும், பிரேக் பேடின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும். பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டிகள். ஓட்டியவரைக் கேட்டால், "டி-லயே வெச்சு, பிரேக் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினேன்" என்பார். டி என்பது கியரை வண்டியே தேர்ந்தெடுக்கும் நிலை. பேடில் இல்லாத வண்டியிலும் கியரை நாமே குறைத்து வைக்க, கியர் லீவரில் எம், எஸ், எல் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதையும் தொட்டிருக்க மாட்டார். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் திராட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சப் பார்க்கும், ஆனால் வழி அடைத்திருக்கும். சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பார்த்தால் ஒரு எதிர்ப்பு தெரியுமே, அதையே ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்குப் பல நூறு முறை செய்துகொண்டிருக்கிறது. இதோடு பிஸ்டன் ரிங், பேரிங், ஆயில் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றின் உராய்வும் சேர்கிறது. இத்தனையையும் சுற்றவைக்கிற சக்தி அந்த நேரத்தில் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்தியிருக்கும். அதாவது வண்டியின் ஓட்டம் இன்ஜினைச் சுற்றுகிறது, அந்த வேலையில் ஓட்டம் குறைகிறது. இன்ஜின் பிரேக்கிங் என்பது இவ்வளவுதான்.

இந்த எதிர்ப்பு ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏற ஏறக் கூடும். அது போக, கியர் குறையக் குறைய அதே எதிர்ப்பு சக்கரத்தில் பல மடங்காகப் போய்ச் சேரும். உங்கள் வண்டி போன்ற ஒன்றில், 40 கி.மீ. வேகத்தில் டி-யில் காலை எடுத்தால் அது நான்காம் கியரில் 1500 ஆர்பிஎம்மை ஒட்டி நிற்கும். பிடிப்பே தெரியாது. அதே வேகத்தில் இரண்டாம் கியர் போட்டால் 3000-ஐ ஒட்டி வரும். வண்டி வண்டிக்கு இந்த எண்கள் மாறும், ஆனால் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும். பேடிலைத் தட்டும்போது நீங்கள் உண்மையில் செய்வது இந்த ஆர்பிஎம்மைத் தேர்ந்தெடுப்பது.

இனி மலைக்கு வருகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஆளும் சாமானுமாக 1500 கிலோ இருக்கும் கார் இந்த 1900 மீட்டரை இறங்கும்போது, எங்கேயாவது கரைத்தாக வேண்டிய சக்தி ஏறக்குறைய 28 மெகா ஜூல். கரண்ட் பில் கணக்கில் ஏழே முக்கால் யூனிட். டயரின் உருளல் எதிர்ப்பும் காற்றும் இதில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. மீதியை எடுத்துக்கொள்ள இரண்டே இடங்கள்தான்: பிரேக், அல்லது இன்ஜின். டி-யில் வைத்துப் பிரேக் பிடித்தே இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குப் போகிறது, அதிலும் அதிகம் முன் டிஸ்க் இரண்டுக்கும்.

இன்ஜினால் எவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும்? 6 சதவீதச் சரிவில் 40 கி.மீ. வேகத்தை ஏறாமல் பிடிக்க, மேலே சொன்ன எதிர்ப்புகள் போக, ஏறக்குறைய ஏழு கிலோவாட் சக்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் தன்னைச் சுற்றிக்கொள்ளவே ஏறக்குறைய அதே அளவு சக்தியை விழுங்கும். அதனால்தான் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் நேர் சரிவுகளில் வண்டி தானாகவே ஒரு வேகத்தில் நின்றுகொள்கிறது. பிரேக் வளைவுகளுக்கு மட்டும் போதும். அந்த வெப்பம் ரேடியேட்டரிலும் சைலன்சர் வழியாகவும் போய்விடும், இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கியரைக் குறைத்ததும் எழும் சத்தத்தைக் கேட்டு "இன்ஜின் கஷ்டப்படுது" என்று பயந்து மறுபடி டி-க்குப் போய்விடுகிறார்கள். சிலிண்டருக்குள் எரிதலே நடக்காத நேரம் அது. நீண்ட இறக்கத்தில் இன்ஜின் சூடு குறையவும் செய்யும்.

அப்புறம் கியர்பாக்ஸ். சர்வீஸ்காரர் சொன்னதற்கு இங்கேதான் பதில். உங்கள் இன்ஜின் முழுவேகத்தில் இழுக்கும்போது கியர்பாக்ஸுக்குள் செலுத்துவது சுமார் 140 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. இன்ஜின் பிரேக்கிங்கில் எதிர்த்திசையில் வருவது, அதே 3000 ஆர்பிஎம்மில், 25-க்குள்தான். ஆறில் ஒரு பங்கு. பல்லும் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் இந்தச் சுமையைப் பற்றிக் கவலைப்படாது. கியர் போட்டபடியே இறங்குவதால் தேய்மானம் என்பது ஏறக்குறைய இல்லை. தேய்மானம் இருப்பது கியர் மாறும் அந்தக் கண நேரத்தில்: ஒரு கிளட்ச் பேக் (கிளட்ச் பிளேட் அடுக்கு) விட, இன்னொன்று பிடிக்க, நடுவில் கொஞ்சம் வழுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்டோமேட்டிக் ஆயில் கொஞ்சம் சூடாகிறது. சிக்னலுக்குச் சிக்னல் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே வந்தால், பலனே இல்லாத மாற்றங்களைக் கியர்பாக்ஸ் மேல் ஏற்றுகிறீர்கள். இதனால் ஆயுள் எவ்வளவு குறையும் என்று யாராவது கிலோமீட்டர் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நானும் சொல்ல மாட்டேன். திறந்து பார்த்த கியர்பாக்ஸ்களில் எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் பெரும்பாலும் ஆயில் மாற்றாதது, வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தது, வண்டி முழுதாக நிற்கும் முன்பே ரிவர்ஸ் போடுவது. பேடிலால் போன கியர்பாக்ஸ் என்று கைநீட்டிக் காட்டும்படி ஒன்றும் நான் பார்த்ததில்லை. அதே சமயம், பேடிலைத் தினமும் விடாமல் தட்டுகிறவர்களே குறைவு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொரு பயம், வேகமாகப் போகும்போது தெரியாமல் முதல் கியருக்குத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது. ஒன்றும் ஆகாது. அந்த வேகத்துக்கு அந்த கியர் ஆர்பிஎம்மை எல்லை தாண்ட வைக்கும் என்றால், கன்ட்ரோல் யூனிட் ஒரு பீப் ஒலியோடு மறுத்துவிடும். இந்த விஷயத்தில் மேனுவல் வண்டியை விட இது பாதுகாப்பானது, மேனுவலில் கை பலம் இருந்தால் எந்த கியரையும் திணித்துவிடலாம்.

நகர ஓட்டத்துக்கு என் பதில் சுருக்கமானது: பேடிலை மறந்துவிடுங்கள், முன்னால் பாருங்கள். சிக்னல் சிவப்பாக இருப்பது 200 மீட்டருக்கு முன்பே தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். டி-யிலேயே இன்ஜெக்டர் மூடும், வேகம் குறையக் குறைய கியர்பாக்ஸ் தானாக கியரை இறக்கும், கடைசியில் மெல்லப் பிரேக் பிடித்தால் போதும். நண்பர் தேடுகிற மிச்சத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. நிற்பதற்கு இருப்பது பிரேக். அதற்கு நான்கு சக்கரமும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் துணை இருக்கிறது. பிரேக் பேடு மாற்றுவது பராமரிப்புச் செலவுகளிலேயே சிறியவற்றில் ஒன்று, அதை மிச்சப்படுத்தப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நீளமான மேம்பாலத்தில் இறங்கும்போதோ, பைபாஸில் ஊர் நெருங்கி வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டிய இடத்திலோ ஒரு தட்டு தட்டலாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தட்டாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

தினசரி ஓட்டத்தில் பேடிலுக்கு உண்மையாகவே வேலை இருக்கும் ஒரு இடம் உண்டு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இருவழிச் சாலையில் லாரியை முந்துவது. டி-யில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய பிறகுதான் கியர்பாக்ஸ் யோசித்துக் கியரைக் குறைக்கும், அந்த ஒரு நொடி எதிர் வண்டி வருகிற சாலையில் பெரிய நொடி. லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே இடது பேடிலை ஒன்றோ இரண்டோ தட்டி ஆர்பிஎம்மைத் தயாராக வைத்துக்கொண்டு, வழி தெளிந்ததும் அழுத்தினால் வண்டி உடனே கிளம்பும்.

பெட்ரோல் மிச்சம் பற்றி ஒரு பழைய பழக்கத்தைப் பேசாமல் விட முடியாது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கியரில் இறங்கும்போது பிஸ்டன் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நியூட்ரலில் ஐட்லிங் செலவு மட்டும்தான். இன்ஜெக்ஷன் வண்டியில் கணக்குத் தலைகீழ். கியரில் இருந்தால் பெட்ரோல் சுழி. நியூட்ரலில் இருந்தால் இன்ஜின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்க வேண்டும். உங்கள் வண்டியில் உடனடி மைலேஜ் காட்டும் திரை இருந்தால் இறக்கத்தில் கியரில் காலை எடுத்துப் பாருங்கள், அளவின் உச்சிக்கே போய் நிற்கும். மிக மெல்லிய சரிவில் மட்டும் நியூட்ரல் வண்டி அதிக தூரம் உருளும் என்பது உண்மைதான். அந்தச் சில மில்லி லிட்டருக்காக ஆட்டோமேட்டிக்கில் என், டி என்று மாற்றிக்கொண்டிருப்பதை நான் ஏற்க மாட்டேன். இன்ஜினையே அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் இன்ஜின் வெற்றிடத்தில் இயங்குகிறது. இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதியில் சேமித்திருந்த வெற்றிடம் தீர்ந்துவிடும், அதன்பின் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது.

இதன் விலை என்ன என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாய். கொண்டை ஊசி வளைவு கிடையாது, அகலமான நான்குவழிச் சாலை, பார்த்தால் மலைப்பாதை என்றே தோன்றாது. சரிவு மட்டும் நீண்டுகொண்டே போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடப்பட்ட லாரிகள், பாதி வழியில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு இழந்து, முன்னால் போகும் கார்களின் மேல் ஏறிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. வேகம் ஏறிய பிறகு லோ கியர் விழாது, அதுதான் லாரியில் கொடுமை. நீங்கள் அந்த வழியில் காரில் இறங்கும்போது பின்கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். கனரக வண்டிக்கு நேர் முன்னால் நீண்ட நேரம் இருக்காதீர்கள்.

சரி, மலையில் எப்படிச் செய்வது? இறக்கம் தொடங்கும் முன்பே கியரைத் தேர்ந்தெடுங்கள். டி-யில் இருந்தபடி பேடிலைத் தட்டினால் பல வண்டிகளில் அது தற்காலிகம்தான். சில நொடியில், அல்லது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும், மறுபடி டி-க்குத் திரும்பிவிடும். அதனால் லீவரை எம் அல்லது எஸ் பக்கம் தள்ளி, திரையில் எம்2 என்பதுபோல் வருவதை உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். நேர் சரிவில் காலை எடுத்தபின் வண்டி ஒரு வேகத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் கியர் இன்னும் குறைய வேண்டும். வளைவுக்கு முன் ஒரு முறை உறுதியாகப் பிரேக் பிடித்து, விட்டுவிடுங்கள். காலை லேசாகப் பெடலில் வைத்துக்கொண்டே இறங்குவதுதான் டிஸ்க்கைப் பொசுக்குவது, இடைவெளி கிடைக்காததால் அது ஆறவே ஆறாது. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் கையேடு சொல்லித்தருவதும் இதே முறை: நீங்கள் வைத்த எல்லை வேகம் வந்ததும் உறுதியாகப் பிரேக் பிடித்து மணிக்கு 5 மைல், அதாவது 8 கி.மீ. குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும், மறுபடி எல்லை வந்தால் மறுபடி. வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை, குறைத்த வேகம் ஏறாமல் பிடிப்பது கியரின் வேலை. பேடில் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு பிரிவினைக்குள் அடங்கிவிடும்.

இப்போதைய பல கியர்பாக்ஸ்கள் சரிவைத் தாமாகவே உணர்ந்து கியரைக் குறைக்கின்றன. ஹோண்டா இதற்கு கிரேடு லாஜிக் என்றே பெயர் வைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அது வேகம் ஏறியபிறகு அல்லது நீங்கள் பிரேக் பிடித்தபிறகு விழித்துக்கொள்வது. சரிவு வரப்போவது உங்கள் கண்ணுக்கு முன்பே தெரிகிறது. ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்று ஒரு பொத்தான் சில வண்டிகளில் இருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. கரடுமுரடான சிறு சரிவில் ஊர்ந்து இறங்குவதற்கானது, மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் அதை நம்பி வந்தால் பிரேக்தான் சூடாகும்.

எந்த கியர் என்பதற்கு ஓட்டுநர்கள் சொல்லும் பழைய கணக்கு, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. சக்தி குறைந்த அந்தக் கால வண்டிகளுக்கு அது பொருந்தியது. இன்றைய டர்போ வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. 1 லிட்டர் டர்போ இன்ஜின் ஏறும்போது 1.5 லிட்டர் போல இழுக்கும், இறங்கும்போது 1 லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். டர்போவால் எதிர்ப்பு அதிகமாவதில்லை. மூன்றாம் கியரில் சுலபமாக ஏறிய சாலையில் இறங்க அதற்கு இரண்டாம் கியர் வேண்டும், கடும் சரிவில் முதல் கியர்கூட வேண்டியிருக்கும். டீசலிலும் இதே கவனம் தேவை. டீசல் இன்ஜின் காற்றை அடைத்து வேலை செய்வதில்லை, அழுத்திய காற்று திரும்பவும் பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது, அதனால் இயற்கையில் அதன் பிடிப்பு குறைவு. லாரிகளில் புகை வெளியேறும் வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக வைப்பது இதற்காகத்தான். டீசல் இன்ஜினில் பெயர் பெற்ற கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-ல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் பிடிக்காத டீசல் லாரியில் மயிரிழையில் தப்பினார். அழுத்திய காற்றை உச்சியில் வெளியேற்றிப் பிடிப்பை உண்டாக்கும் பிரேக்கை அவர் பிற்பாடு உருவாக்கியதற்கு அந்த அனுபவமே காரணம். 1961-ல் அது விற்பனைக்கு வந்தது.

உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் என்பதால் ஒரு நுணுக்கம். பல டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் டி-யில் முதல் கியர் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்-வே கிளட்ச் வழியாக இயங்கும், கால் எடுத்தால் சைக்கிளின் ஃப்ரீவீல் போல விட்டுவிடும். எம்1 அல்லது எல் என்று நீங்கள் கேட்டால்தான் இரு பக்கமும் பிடிக்கும். பெல்ட்டால் இயங்கும், படிகளே இல்லாத சிவிடி கியர்பாக்ஸில் பேடில் காட்டும் கியர்கள் உண்மையில் இல்லாதவை, பெல்ட்டின் விகிதத்தைப் படிபடியாக நிறுத்துகிறார்கள், பிடிப்பு மட்டும் உண்மையானது. இரட்டை கிளட்ச் உள்ள டிசிடி சூடாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏற்றத்தில் நெரிசலில் ஊரும்போது கிளட்ச் வழுக்குவதால் வருவது, இறக்கத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும், பயமில்லை. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்ச்சையும் கியரையும் கருவி மாற்றும் வகை) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கியர் மாறும் இடைவெளியில் கிளட்ச் விட்டிருக்கும், சரிவில் அந்த நேரத்தில் வண்டி வேகம் பிடிக்கும். அதனால் பிரேக்கில் கால் வைத்தபடி கியரைக் குறையுங்கள்.

மழையில் இதே பேடில் எதிரியாகவும் ஆகலாம். இன்ஜின் பிடிப்பு இழுவைச் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. ஈரச் சாலையில், அதுவும் முதல் மழையில் எண்ணெயும் இலையும் ஊறிக் கிடக்கும் வளைவில், இரண்டு கியரை ஒரே சமயத்தில் தட்டினால் முன்சக்கர இழுவை வண்டியில் ஸ்டீயரிங் கேட்காது, பின்சக்கர இழுவையான இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ போன்றவற்றில் வால் விலகும். ஏபிஎஸ் இதைக் கவனிக்காது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மறக்கக்கூடாத இன்னொன்று, பெட்ரோல், டீசல் வண்டியில் இன்ஜின் பிடிப்பால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பஸ் ஒட்டி வருகிறது என்றால் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு ஒரு தொடு தொடுங்கள்.

மின்சாரக் காரில் பேடில் இருந்தால் அது கியரை மாற்றுவதில்லை, மோட்டார் திரும்ப பேட்டரியை ஏற்றும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. மலைக்கு அது இன்னும் பொருத்தமானது. ஆனால் ஊட்டி ஹோட்டலில் இரவு நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாதபோது மோட்டார் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும், உச்சியில் தேவைப்படும் நேரத்தில் பிரேக் மட்டும்தான் மிஞ்சும். எண்பது, தொண்ணூறில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஊட்டி பயணம். போகும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். உங்கள் வண்டி புதிது, கவலையில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது பேடு சூடேறியது. இரண்டில் எதுவானாலும் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, பி போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஆறவும் விடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறிய பின், இன்னும் ஒரு கியர் குறைவாகக் கிளம்புங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம், இறங்கும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

முதல் முறை பேடிலைப் பழகுவது குன்னூர் வளைவிலாக இருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு ஞாயிறு காலையில், ஆள் இல்லாத சாலையில் 50-ல் போகும்போது எம்-க்கு மாற்றி, நான்கு, மூன்று, இரண்டு என்று இறக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வண்டி எவ்வளவு பிடிக்கிறது, எப்போது மறுக்கிறது, டி-க்கு எப்படித் திரும்புகிறது என்று கைக்குப் பழகட்டும். ஊட்டியிலிருந்து வரும்போது கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிகக் கடுமையான சரிவும் உள்ள பாதை, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைத்ததும் விபத்துகளைப் பார்த்துத்தான். குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ இறங்குங்கள், எம்2-ல்.